பேணுவோர் கைகள்

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. விலை கொடாமல் பெறுவது ஒன்று. தளையின்றி இருப்பது மற்றொன்று. கணினித் துறையில் இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று மயங்கி, அம்மயக்கத்தைத் தீர்க்கப் பல்லாண்டுகளாக விளக்கங்கள் எழுதப்பட்டு வருகின்றன. தமிழுக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. விலையில்லாததை இலவசம் என்கிறோம். தளையில்லாததைக் கட்டற்றது என்கிறோம். 'கட்டற்ற மென்பொருள்' என்று நம்மவர் ஆக்கிக்கொண்ட தொடர் மயக்கத்திற்கு இடமே தராதது. ஆயினும், இவ்விரு சொற்களுள்ளும் அடங்காத மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. அதனை எனக்குக் கற்பித்தது, இருபது ஆண்டுகள் உலகெங்கும் உழைத்து ஓய்ந்த ஓர் இயங்குதளம். அதன் பெயர் சென்ட் ஓ.எஸ்.

கணினியைக் கையாளும் எல்லாருக்கும் இப்பெயர் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. நம் மேசைமேல் இருக்கும் கணினி நமக்கு மட்டும் பணி செய்கிறது. ஆனால், மாணவர் பதிவேடு, நூலகப் பட்டியல், மின்னஞ்சல், இணையப் பக்கம் ஆகியவற்றைத் தன்னிடத்தே வைத்துக்கொண்டு, கேட்போர்க்கெல்லாம் இரவும் பகலும் எடுத்து வழங்கும் கணினிகள் வேறு. அவற்றைச் சர்வர் என்று வழக்கிலும், வழங்கி என்று எழுத்திலும் கூறுகிறோம். அவை பெரும்பாலும் பூட்டிய அறைகளில், குளிரூட்டியின் காற்றிலே, பார்ப்பாரின்றி இயங்கிக்கொண்டிருக்கும். அத்தகைய இயந்திரத்தின் உறுப்புகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி, மற்ற நிரல்கள் வேலை செய்வதற்குத் தளமாக அமைவதே இயங்குதளம். வீட்டிற்கு அடித்தளம் போன்றது அது. அடித்தளம் உறுதியாக இருக்கும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை.

ஈப்போவில் தனியார் கல்லூரி ஒன்றின் கணினிப் பிரிவில் நான் நெடுங்காலம் பணியாற்றினேன். 2006ஆம் ஆண்டில், அலுவலகத்தார் கழித்துவிட்ட பழைய இயந்திரம் ஒன்று என் பொறுப்பில் வந்தது. புதிய இயங்குதளம் வாங்கப் பணம் ஒதுக்கப்படவில்லை. சென்ட் ஓ.எஸ். நான்காம் பதிப்பை இணையத்திலிருந்து இறக்கிக் குறுந்தட்டுகளில் பதிந்து, ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் அவ்வியந்திரத்தில் நிறுவினேன். அது தடையின்றி ஓடிற்று. மாதங்கள் ஆண்டுகளாயின. இயந்திரங்கள் மாறின, பதிப்புகளும் மாறின, சென்ட் ஓ.எஸ். என்னும் பெயர் மட்டும் எங்கள் அறையில் நிலைத்துவிட்டது. அதற்காக எவருக்கும் ஒரு ரிங்கிட்டும் நாங்கள் செலுத்தியதில்லை.

இத்தகைய பொருள் எவ்வாறு தோன்றியது என்பதைச் சற்றே விரித்துரைக்க வேண்டும். 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் கூடிய இயங்குதளம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அதற்கு குனூ என்று பெயரிட்டார். 1989இல் அதற்கென ஒரு பொது உரிமத்தையும் வகுத்தளித்தார். நிரலை ஒருவருக்குக் கொடுப்பவர் அதன் மூல நிரலையும் அவருக்குத் தரவேண்டும். பெற்றவர் அதனைத் திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஆனால் தாம் பெற்ற உரிமையை அடுத்தவருக்கு மறுத்தல் கூடாது. இதுவே அவ்வுரிமத்தின் சாரம். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதினார். மறு ஆண்டில் அதனை இவ்வுரிமத்தின்கீழ் வைத்தார். இரண்டும் இணைந்து உலகம் முழுவதற்கும் ஒரு பொதுச் சொத்து உருவாயிற்று.

அச்சொத்தை ஒழுங்குபடுத்தித் தொகுத்து விற்ற நிறுவனங்களுள் தலையாயது, அமெரிக்காவில் 1993இல் தோன்றிய ரெட் ஹேட். முதலில் அதன் தொகுப்பு எல்லார்க்கும் எளிதில் கிடைத்தது. பின்னர் அந்நிறுவனம் அப்பழைய தொகுப்பை நிறுத்தி, பெருநிறுவனங்களுக்கென்றே அமைந்த பதிப்பை ஆண்டுக் கட்டணத்திற்கு வழங்கலாயிற்று. பழைய தொகுப்பின் பராமரிப்பு 2004 ஏப்ரலோடு முடிந்தது. கட்டணம் செலுத்த இயலாத கல்லூரிகளும் ஆய்வுக்கூடங்களும் சிறு நிறுவனங்களும் திகைத்து நின்றன. ஆயினும் ஒரு வழி இருந்தது. உரிமம் கேட்பதற்கும் மேலாக, ரெட் ஹேட் தன் மூல நிரல்களை ஊரறிய வெளியிட்டு வந்தது. அம்மூலத்தை எடுத்து, அதிலிருந்து இயங்குதளத்தை மீண்டும் கட்டி, எல்லார்க்கும் விலையின்றி வழங்கலாம் என்று தொண்டர் சிலர் எண்ணினர். அவ்வெண்ணத்திலிருந்து 2004இல் பிறந்ததே சென்ட் ஓ.எஸ். 'கம்யூனிட்டி என்டர்பிரைஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்பதன் சுருக்கம் அது. 'கம்யூனிட்டி' என்றால் சமூகம். பெயரின் முதற்சொல்லே அதன் தன்மையைச் சொல்லிவிடுகிறது.

நிரல் கட்டற்றது, ஆனால் ரெட் ஹேட் என்னும் பெயரும் சின்னமும் அந்நிறுவனத்தின் வணிகக் குறிகள். ஆதலின் அவை ஒவ்வோரிடத்திலும் நீக்கப்பட்டன. சில ஆண்டுகள் வரையில் சென்ட் ஓ.எஸ். தொண்டர்கள் தங்கள் அறிமுக உரையில் அப்பெயரைக் கூறாமல், வட அமெரிக்காவின் புகழ்பெற்ற விற்பனையாளர் ஒருவர் என்றே குறிப்பிட்டு வந்தனர். கணவன் பெயரைச் சொல்லாமல் 'அவர்' என்று குறித்த நம் பாட்டிமாரை அது எனக்கு நினைவூட்டும்.

அவர்கள் மேற்கொண்ட பணியின் அருமையைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வார்கள். ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய பெருமக்களால் அன்றோ நம் பழைய நூல்கள் நமக்குக் கிடைத்தன? செல்லும் கறையானும் சுவடியைத் தின்றுவிடும். ஆகவே தலைமுறைதோறும் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் எழுதவேண்டும். எழுதுவோர் தம் புலமையைக் காட்டித் தம் சொல்லை இடையில் நுழைத்தால் மூலம் கெடும். சென்ட் ஓ.எஸ். தொண்டர்களின் நோக்கமும் அதுவே. மூலத்தில் குறை இருப்பின் அக்குறையும் அப்படியே இருக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஒன்றிலே ஓடும் நிரல் மற்றொன்றிலும் பிசகின்றி ஓடவேண்டும் அன்றோ? தம் திறமையை மறைத்துக்கொள்வதையே திறமையாகக் கொண்ட உழைப்பு அது. அத்தகைய உழைப்பிற்குப் பாராட்டுக் கிடைப்பது அரிது.

பெயர்த்தெழுதுவதோடு அப்பணி முடிவதும் இல்லை. இயங்குதளத்தில் நாள்தோறும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். அவ்வழியே தீயோர் நுழைவர். ஒவ்வோர் ஓட்டைக்கும் அடைப்பு வெளிவரும்போது, தொண்டர்கள் அதனையும் விரைந்து கட்டிச் சோதித்து, உலகெங்கும் உள்ள பயனாளர்க்கு அனுப்புவர். ஒரு பதிப்பு வெளிவந்தால் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இவ்வாறு காப்பார்கள். திங்கட்கிழமை காலையில் நான் ஒரு கட்டளையைத் தட்டெழுதுவேன். முகமறியாத எவரோ கட்டி அனுப்பிய அடைப்புகள் சில நிமிடங்களில் என் இயந்திரத்தில் வந்து பொருந்தும். பயன்படுத்தியவர் பலர், கட்டியவரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

அவர்களின் பொறுமைக்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறலாம். 2006ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த டட்டில் என்னும் சிற்றூரின் இணையப் பக்கம் இருந்த இடத்தில், சென்ட் ஓ.எஸ். தளத்தில் வழக்கமாகக் காணப்படும் சோதனைப் பக்கம் தோன்றிற்று. உண்மையில் அவ்வூர்ப் பக்கத்தைத் தாங்கிய வழங்கியின் அமைப்பில்தான் கோளாறு. ஆனால் அந்நகர நிருவாகி, சென்ட் ஓ.எஸ். என்பார் தம் பக்கத்தைக் கவர்ந்துவிட்டதாக எண்ணி, நடுவண் புலனாய்வுத் துறையிடம் முறையிடப்போவதாக அச்சுறுத்தி எழுதினார். தொண்டர் ஒருவர், தமக்குச் சிறிதும் தொடர்பில்லாத அக்கோளாறு எங்கே உள்ளது என்பதைப் படிப்படியாகக் கண்டறிந்து அவருக்கு விளக்கினார். இலவசமாகக் கொடுத்தவர், கொடுத்த குற்றத்திற்காக ஏச்சும் கேட்டு, அதன் பின்னும் உதவி செய்த கதை இது.

ஆயினும் ஊர் கூடி இழுக்கும் தேருக்கும் வடம் வேண்டும். வடம் எவர் கையில் இருக்கிறது என்பதும் தெரியவேண்டும். 2009 சூலைத் திங்களில், சென்ட் ஓ.எஸ். தொண்டர்கள் தம்முள் ஒருவருக்கு வெளிப்படையான கடிதம் ஒன்றை எழுதினர். திட்டத்தின் இணைய முகவரியும் நன்கொடைக் கணக்கும் அந்த ஒருவர் வசம் இருந்தன. அவரோ தொடர்பு கொள்ள முடியாதவாறு விலகியிருந்தார். சில நாள்களில் அச்சிக்கல் தீர்ந்தது. ஆனால் பல்லாயிரம் நிறுவனங்களைத் தாங்கிய அடித்தளம், எழுதப்படாத ஏற்பாடுகளின்மேல் நின்றது என்பதை உலகம் அன்று கண்டது.

இரண்டாம் எச்சரிக்கை 2011இல் வந்தது. ரெட் ஹேட்டின் ஆறாம் பதிப்பு 2010 நவம்பரில் வெளிவந்தது. அதற்குரிய சென்ட் ஓ.எஸ். பதிப்போ எட்டுத் திங்கள் கழித்து, 2011 சூலையில்தான் வந்தது. பயனாளர் பொறுமை இழந்தனர். அக்காலத்தில், லினக்ஸில் இயங்கிய இணைய வழங்கிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது சென்ட் ஓ.எஸ். தளத்தில் இயங்கின என்று கணக்கிடப்பட்டிருந்தது. அவ்வளவு பெருஞ்சுமையை, பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் உழைத்த சிலர் தாங்கினர். தாமதத்திற்குக் காரணம் கேட்டவர் பலர். தோள் கொடுக்க வந்தவர் சிலரே.

ஆதலின் 2014 சனவரியில் ரெட் ஹேட் நிறுவனமே சென்ட் ஓ.எஸ். திட்டத்துடன் கைகோத்தபோது, பெரும்பாலோர் நிம்மதி அடைந்தனர். முன்னணித் தொண்டர் சிலர் அந்நிறுவனத்தின் ஊழியராயினர். இரவு விழித்துச் செய்த பணி பகல் வேலையாயிற்று, ஊதியமும் கிடைத்தது. அதே வேளையில் சென்ட் ஓ.எஸ். என்னும் பெயருரிமையும் நிறுவனத்தின் வசமாயிற்று. ஊர்த் தேரைப் பழுது பார்க்கச் செல்வர் ஒருவர் முன்வருகிறார். தேர் நிற்கும் கொட்டகையின் சாவியும் அவரிடம் போகிறது. அதில் வஞ்சகம் ஏதும் இல்லை. ஆனால் சாவி இடம் மாறியது என்பது உண்மை.

2019 சூலையில் ரெட் ஹேட் நிறுவனத்தை ஐ.பி.எம். 3,400 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்ட் ஓ.எஸ். எட்டாம் பதிப்பு வெளிவந்தது. 2029 வரை அது காக்கப்படும் என்பதே எல்லாரும் கொண்டிருந்த நம்பிக்கை. 2020 டிசம்பர் 8ஆம் நாள் அறிவிப்பு வந்தது: எட்டாம் பதிப்பின் பராமரிப்பு 2021 இறுதியோடு முடியும், இனிச் 'சென்ட் ஓ.எஸ். ஸ்ட்ரீம்' என்னும் தொடரே இருக்கும். பழையது ரெட் ஹேட் பதிப்பின் பின்னே நடந்தது. புதியதோ அதன் முன்னே நடப்பது. அடுத்து வரவிருக்கும் மாற்றங்கள் முதலில் அதிலே வந்து சேரும். ஆக்குவோர்க்கு அது பயன்படும். ஆனால் பத்தாண்டு அசையாத தளம் வேண்டியவர்க்கு அது முன்னதற்கு ஈடாகாது. ஏழாம் பதிப்புக்கு அளித்த உறுதி மட்டும் மாறவில்லை. 2024 சூன் 30 வரையில் அது காக்கப்பட்டது. தம்பி முன்னே மறைய, அண்ணன் பின்னும் சில ஆண்டு வாழ்ந்தது போலாயிற்று.

எங்கள் கல்லூரியில் அப்போது ஏழாம் பதிப்பே இயங்கிக்கொண்டிருந்தது. ஆகவே உடனடி இடர் எதுவும் எங்களுக்கு இல்லை. ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த மாணவன் ஒருவன், அன்று மாலை ஒரு கேள்வி கேட்டான்.

"ஐயா, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். இலவசமாகத் தந்ததை அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். நாம் கேட்பதற்கு என்ன உரிமை இருக்கிறது?"

"தம்பி, மாடு நம்மிடத்தில்தான் இருக்கிறது. அதனை எவரும் ஓட்டிச் செல்ல முடியாது. இனி அதற்குத் தீனி வைப்பவர் யார் என்பதே கேள்வி" என்றேன்.

சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இவ்வளவு நாளும் தீனி வைத்தவர் யார் ஐயா?" என்று கேட்டான். நான் அறிந்த வரலாற்றையெல்லாம் அன்று அவனுக்குச் சொன்னேன். மேலே எழுதியவற்றுள் பெரும்பகுதி அந்த மாலைப் பேச்சே ஆகும்.

அதன்பின் நடந்தவை அவன் கேள்விக்கு விடையாக அமைந்தன. அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே, சென்ட் ஓ.எஸ். தோற்றத்தில் பங்குகொண்ட கிரெகரி கர்ட்சர் புதியதொரு மறுகட்டுமானத்தைத் தொடங்கினார். தொடக்கக் காலத் தோழராக இருந்து மறைந்த ராக்கி மெக்காவின் நினைவாக அதற்கு ராக்கி லினக்ஸ் என்று பெயரிட்டார். முகம் தெரியாமல் உழைத்த ஒருவரின் பெயரை இன்று உலகெங்கும் உள்ள இயந்திரங்கள் தாங்கி நிற்கின்றன. கிளவுட் லினக்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கிவைத்த அல்மா லினக்ஸ் 2021 மார்ச்சில் வெளிவந்தது. அதனைப் பேணுவதற்கு இலாப நோக்கற்ற அறநிறுவனம் ஒன்றும் அமைக்கப்பட்டது. ராக்கி அவ்வாண்டு சூனில் வந்தது. ஐரோப்பாவின் செர்ன், அமெரிக்காவின் ஃபெர்மி ஆகிய பெரும் இயற்பியல் ஆய்வுக்கூடங்கள், தம் ஆய்வுகளுக்கு அல்மாவைப் பொதுத்தளமாக வழங்கப்போவதாக 2022 டிசம்பரில் கூட்டாக அறிவித்தன. மூலம் கட்டற்றதாக இருந்தமையால் அன்றோ இவையெல்லாம் இயன்றன? பெயரை மூடலாம், மூலத்தை மூட இயலாது.

எனினும் மூலம் மட்டும் போதும் என்று இருந்துவிடவும் இயலாது. 2023 சூன் 21ஆம் நாள், ரெட் ஹேட் தன் மூல நிரலைப் பொதுவில் வெளியிடுவதைச் ஸ்ட்ரீம் தொடரோடு நிறுத்திக்கொண்டு, வெளியிட்ட பதிப்பின் மூலத்தைத் தன் வாடிக்கையாளர்க்கே அளிக்கலாயிற்று. நிரலைப் பெற்றவர்க்கு மூலம் தரவேண்டும் என்பதே உரிமத்தின் கட்டளை. ஊரார்க்கெல்லாம் தரவேண்டும் என்பது அன்று. பிறர் கட்டுவதற்கெல்லாம் தம் பொறியாளர் உழைப்பை அப்படியே வழங்கவேண்டுமா என்பது நிறுவனத்தார் கேள்வி. பல்லாயிரம் பேர் எழுதியளித்த நிரலின்மேல் எழுந்த நிறுவனம் கதவைச் சாத்தலாமா என்பது எதிர்த்தரப்பார் கேள்வி. இரண்டும் தள்ளத்தக்கவை அல்ல. அல்மா லினக்ஸ், குறைக்குக் குறை ஒத்திருத்தல் என்னும் பழைய குறிக்கோளைக் கைவிட்டு, நிரல்கள் பிசகின்றி ஓடினால் போதும் என்று தன் வழியை வகுத்துக்கொண்டது. ராக்கி வேறு வழிகளில் மூலத்தைத் திரட்டித் தன் பழைய குறிக்கோளையே பற்றி நின்றது.

இப்போது தொடக்கத்தில் கூறிய மூன்றாம் பொருளுக்கு வருகிறேன். இலவசம் என்பது விலையைப் பற்றியது. கட்டின்மை என்பது உரிமையைப் பற்றியது. பேணுதல் என்பது உழைப்பைப் பற்றியது. விலையை ஒருவர் தள்ளுபடி செய்யலாம். உரிமையை ஓர் உரிமத்தில் எழுதி என்றென்றைக்கும் காக்கலாம். ஆனால் நாளை காலை எழுந்து பழுது பார்க்கும் கையை எந்த உரிமத்திலும் எழுதிவைக்க முடியாது. அது நாள்தோறும் புதிதாகத் தரப்படுவது. தருபவர் ஓய்ந்தால் ஓய்வது. 2021இல் முடிந்தது நிரல் அன்று. ஒரு நிரலும் அழியவில்லை. பேணுவோம் என்று சொன்ன சொல்தான் முடிந்தது.

இது கணினிக்கு மட்டும் உரிய உண்மை அன்று. நம் நாட்டில் எத்தனையோ வாசக சாலைகளையும் கையெழுத்து இதழ்களையும் மாலை வகுப்புகளையும் ஓர் ஆசிரியர் தம் தோளில் தாங்கி நடத்தியிருக்கிறார். அவர் பணி மாற்றம் பெற்றுச் சென்ற மறு ஆண்டில், அலமாரி இருந்தது, நூல்கள் இருந்தன, சாவி எங்கே என்று கேட்பாரில்லை. 'எல்லார்க்கும் பொது' என்று பலகை எழுதி மாட்டினோம். எவர் துடைப்பது, எவர் திறப்பது, அவருக்குப்பின் எவர் என்பதை எழுதிவைக்க மறந்தோம். பொதுப்பொருள் என்றால் உடையவர் பலர் என்று மகிழ்கிறோம். பேணுவோர் பலர் ஆகும்போதுதான் அது உண்மையில் பொதுப்பொருள் ஆகிறது.

2024 சூனில் ஏழாம் பதிப்பின் காலமும் முடிந்தது. அதற்கு முன்னே, விடுமுறை நாள்கள் நான்கில், அந்த மாணவனும் நானும் கல்லூரி வழங்கிகளை ஒவ்வொன்றாக அல்மா லினக்ஸுக்கு மாற்றினோம். படித்து முடித்து அங்கேயே பணியில் அமர்ந்துவிட்ட இளைஞன் அவன் அப்போது. பதினெட்டு ஆண்டுப் பதிவேடுகளில் ஓர் ஏடும் குறையாமல் புதிய தளத்தில் ஏறின. மாணவர் எவருக்கும் மாற்றம் நிகழ்ந்ததே தெரியாது. தெரியாதிருந்ததே எங்களுக்கு நிறைவு. கடைசி இயந்திரத்தைத் தொடக்கிப் பார்த்தபின் நான் வீட்டிற்குப் புறப்பட்டேன். அவன் மட்டும் எழாமல் ஏதோ தட்டெழுதிக்கொண்டிருந்தான். மாற்றும்போது தான் கண்ட சிறு பழுது ஒன்றை, அது எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு நீங்குகிறது என்னும் விவரத்தோடு அல்மா தொண்டர்களுக்கு எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். அவர்களுள் ஒருவரையும் அவன் கண்டதில்லை; அவர்களும் அவனைக் காணப்போவதில்லை.

நான் அவனுக்காகக் காத்திருந்தேன். அவன் எழுதி அனுப்பிய பிறகே விளக்கை அணைத்தோம்.